நாலு விரற்கடை

செவ்வாய்க்கிழமை மதகடிப்பட்டில் பலகை இறக்கக் கூடாது. அது எனக்குத் தெரியும். ஆனாலும் அன்றைக்கு வண்டி வந்துவிட்டது. செவ்வாய் என்றால் மாட்டுச் சந்தை. விழுப்புரம் சாலையோரம் முழுக்க மினி லாரிகள், கட்டவிழ்த்த கன்றுகள், வைக்கோல் வாசனை, துண்டுக்கு அடியில் கைவிட்டு விரலைப் பிடித்து விலை பேசுகிற தரகர்கள். புதுச்சேரியிலிருந்து வரும் வண்டி வில்லியனூரையும் அரியூரையும் தாண்டிக் கண்டமங்கலத்தில் தமிழ்நாட்டுக்குள் நுழையும். திருவண்டார்கோயில் பக்கம் மறுபடியும் புதுச்சேரி மண்ணுக்கு வரும். மதகடிப்பட்டு முடிகிற இடத்தில் திரும்பவும் தமிழ்நாடு. இத்தனை எல்லைகளைத் தடையில்லாமல் கடந்த வண்டி, சந்தைக்கு எதிரே ஒரு மணி நேரம் நின்றது. உள்ளே பன்னிரண்டு பிளைவுட் பலகைகள், ஒரு கட்டு மைக்கா, இரண்டு அட்டைப்பெட்டி நிறைய கீல்.

வேலை ஒரு மாடிவீட்டில். கூரைவீடு இருந்த மனையிலேயே எழுப்பியது. மகன் சிங்கப்பூரில் இருக்கிறார். மாடுலர் கிச்சன் வேண்டும் என்று மருமகள் விரும்பித் தேர்ந்தெடுத்த படம் வாட்ஸ்அப்பில் வந்திருந்தது. வெள்ளைக் கதவு, சாம்பல் நிறக் கல், கைப்பிடி இல்லாத இழுப்பறைகள், மூலையில் கூரையைத் தொடும் உயரத்துக்கு ஓர் அலமாரி. மேடை உயரம் 36 அங்குலம் என்று வரைபடத்தில் எழுதியிருந்தது. வரைந்தவர் நன்றாக வரைந்திருந்தார். நான் பத்தொன்பது வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன். நல்ல வரைபடத்தைப் பார்த்தால் தெரியும்.

அந்த வீட்டில் தினமும் சமைப்பவர் மகனின் தாயார். ஊரில் எல்லோருக்கும் அவர் ஆயா. நாங்கள் சுவரில் கோடு போட்டுக்கொண்டிருந்தபோது வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தவர், கடைசியில் கேட்டார்.

"ஏம்ப்பா ஆசாரி, மேடை எவ்ளோ ஒசரம் வரும்?"

"36 இஞ்சி வரும் ஆயா."

"இஞ்சியெல்லாம் எனக்குத் தெரியாது. எங்க வரும்னு காட்டு."

பென்சிலால் கோடு போட்டுக் காட்டினேன். அவர் செருப்பில்லாத காலோடு வந்து கோட்டுக்குப் பக்கத்தில் நின்றார். கையை மடக்கிப் பார்த்தார். கோடு அவர் முழங்கைக்கு மேலே போயிற்று.

"இதும்மேல அடுப்பு. அடுப்பும்மேல சட்டி. உள்ள என்னா வேவுதுன்னு நான் எப்பிடிப் பாப்பன்?"

அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. இத்தனை வருடத்தில் எத்தனை வீடுகளில் அதே 34, அதே 36 போட்டுவிட்டு வந்திருக்கிறேன் என்ற கணக்குத்தான் மனத்தில் ஓடியது. சுவரின் நீளத்தை மூன்று இடத்தில் அளப்பேன். குழாய் எங்கே, பிளக் எங்கே, சன்னல் எங்கே என்று மில்லிமீட்டர் பிசகாமல் குறித்துக்கொள்வேன். அங்கே நிற்கப்போகிற ஆளை அளந்ததில்லை.

இந்த 36 எங்கிருந்து வந்தது என்று தேடிப்போனால் நெடுந்தூரம் போக வேண்டும். இன்று நாம் மாடுலர் கிச்சன் என்று சொல்லும் பொருளுக்கு ஒரு பிறந்த ஊர் உண்டு. ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட். முதல் உலகப்போருக்குப் பிறகு அங்கே வீடில்லாத தொழிலாளர் குடும்பங்களுக்காக எர்ன்ஸ்ட் மே என்ற கட்டடக் கலைஞரின் தலைமையில் நகராட்சி பெரிய அளவில் வீடு கட்டியது. அந்த வீடுகளின் சமையலறையை 1926இல் வடிவமைத்தவர் மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி. வியன்னாக்காரர். அப்போது அவருக்கு 29 வயது. அகலம் 1.9 மீட்டர், நீளம் 3.4 மீட்டர். அவ்வளவுதான் அறை. ரயிலின் உணவுப்பெட்டியில் ஒரு சிறிய இடத்துக்குள் இரண்டு பேர் நின்றுகொண்டு நூறு பேருக்குச் சமைப்பதைப் பார்த்து, அந்தக் கச்சிதத்தை வீட்டுக்குள் கொண்டுவர நினைத்தார். ஒரு பெண் சமையலின்போது எத்தனை அடி நடக்கிறாள், எதற்குத் திரும்புகிறாள் என்பதையெல்லாம் கணக்கெடுத்து அடுப்பு, தொட்டி, வெட்டும் பலகை எல்லாவற்றையும் கைக்கெட்டும் தூரத்தில் பொருத்தினார். அப்படிச் சுமார் 10,000 சமையலறைகள் அந்த நகரில் பொருத்தப்பட்டன.

அதில் ஒரு தச்சன் நின்று பார்க்க வேண்டிய நுணுக்கங்கள் இருக்கின்றன. மாவு வைக்கும் இழுப்பறைகளை ஓக் மரத்தில் செய்யச் சொன்னார். அந்த மரத்தின் துவர்ப்புக்கு மாவுப்புழு அண்டாது. வெட்டும் பலகைக்குக் கறை ஏறாத பீச் மரம். ஈ உட்காராது என்று நம்பிக் கதவுகளுக்கு நீலம் பூசினார்கள். அரிசி, பருப்பு வகைகளுக்குப் பெயர் பொறித்த அலுமினியப் பெட்டிகள், கவிழ்த்தால் கொட்டும்படி மூக்கு வைத்தவை. நம் வீட்டில் அரிசிக் குதிரில் வேப்பிலையைப் போட்டுவைத்த கையும் இந்தக் கையும் ஒரே ஜாதி. அஞ்சறைப் பெட்டியைக் கண்டுபிடித்தவளுக்கு இவரைப் பார்த்தால் புரிந்திருக்கும்.

லிஹோட்ஸ்கியை நான் மரியாதையோடுதான் நினைக்கிறேன். பிற்காலத்தில் ஹிட்லர் ஆட்சியை எதிர்க்கும் ரகசிய வேலைக்காக நாடு திரும்பிப் பிடிபட்டு, 1945 வரை சிறையில் இருந்தவர். 2000இல் இறந்தபோது 103 வயதுக்குச் சில நாள் குறைவு. பெண்களின் நேரமும் முதுகும் வீணாகக் கூடாது என்பது அவருக்கு அரசியல். ஆனால் அந்தச் சமையலறையை வரையும்வரை தான் சமைத்ததே இல்லை என்று அவரே பின்னாளில் சொன்னார். அவர் வரைந்தது ஒரு பெண் தனியாகச் சமைக்கிற அறை. பொங்கலுக்கு முந்தின நாள் மூன்று பேர் ஒரே அறையில், ஒருத்தி தேங்காய் துருவ, ஒருத்தி அரிய, ஒருத்தி கிளற, நடுவில் ஒரு குழந்தை தவழ்கிற அடுப்படி அவர் கண்ணில் பட்டிருக்க வழியில்லை. அந்த வரைபடம் நாடுநாடாகப் போயிற்று. அமெரிக்காவில் மேடையின் உயரம் 36 அங்குலம் என்று நிலைத்தது. காலில் ஷூ போட்டுக்கொண்டு சமைக்கிறவர்களின் உயரம் அது. நம் நாட்டுப் பெண்களின் சராசரி உயரம் சுமார் 152 சென்டிமீட்டர், அதாவது ஐந்தடி. நாம் வெறுங்காலோடு சமைக்கிறோம். ஆயா நாலடி ஒன்பது அங்குலம். அதிலும் முதுகு கொஞ்சம் வளைந்துவிட்டது.

மனையடி சாஸ்திரம் அறையின் நீள அகலத்துக்குப் பலன் சொல்கிறது. ஆறடி நன்மை, ஏழடி தரித்திரம் என்று நாள்காட்டியின் பின்பக்கம் இன்றைக்கும் அச்சடிக்கிறார்கள். அடுப்பு அக்கினி மூலையில் இருக்க வேண்டும், சமைக்கிறவர் கிழக்கு பார்க்க வேண்டும் என்பதில் எந்த வீட்டிலும் விட்டுக்கொடுப்பதில்லை. மேடை உயரத்தைப் பற்றி மட்டும் யாரும் எதுவும் சொல்வதில்லை. சொல்லத் தேவை இருக்கவில்லை. உட்கார்ந்து சமைத்த காலத்தில் உயரம் ஒரு கேள்வியே இல்லை. மண்ணெண்ணெய் ஸ்டவ் வந்து, கேஸ் வந்து, ஒரே தலைமுறைக்குள் நம் பெண்கள் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து எழுந்து நின்றார்கள். நின்றவர்களுக்கு எவ்வளவு உயரம் வேண்டும் என்று சொல்லும் சாஸ்திரம் எழுதப்படவில்லை. கொத்தனார் கையிலிருந்த செங்கல் வரிசை எங்கே முடிந்ததோ அதுதான் மேடையாயிற்று. பிறகு எங்களைப் போன்றவர்கள் கம்பெனி அட்டவணையோடு வந்தோம்.

தச்சுவேலையில் இருக்கிறவனுக்குச் சொற்கள் மேல் ஒரு கண் இருக்கும். நான் வீட்டுக்குள் கொண்டுபோய்ப் பொருத்துகிற பொருள்களின் பெயர்கள் பாதி கடல் கடந்து வந்தவை. அலமாரி, மேசை, சாவி, சன்னல் எல்லாம் போர்ச்சுகீசியர் விட்டுப்போன சொற்கள். யாழ்ப்பாணத்தில் இன்றைக்கும் சமையலறைக்குப் பெயர் குசினி, அதுவும் அவர்கள் சொல்தான். மாடம், பரண், உறி, குதிர், மணை, அடுப்பு எல்லாம் நம்முடையவை. இரண்டு வரிசையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்று தெரியும். வந்த சொற்களில் பல, மூடிப் பூட்டி வைப்பவை. நம் சொற்கள் பெரும்பாலும் திறந்திருப்பவை, சுவரிலும் தரையிலும் கூரையிலும் ஒட்டிக்கொண்டிருப்பவை. மாடம் சுவரோடு பிறக்கும். பரண் கூரையோடு பிறக்கும். எதையும் வெளியிலிருந்து கொண்டுவந்து பொருத்த வேண்டியதில்லை.

அப்படிப் பார்த்தால், ஆளுக்கென்று அளவெடுத்து, வீட்டுக்குள்ளேயே செய்து, அங்கேயே பொருத்தப்பட்ட முதல் சமையலறை நம் ஊர் மண் அடுப்புதான். என் அம்மா அடுப்பு போடுவதை நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். ஏரியிலிருந்து களிமண், கொஞ்சம் புற்றுமண், நறுக்கிய வைக்கோல், சாணம். ஒரு ராத்திரி ஊறவைத்து மறுநாள் காலால் மிதிப்பார். பிறகு மணையை எடுத்துப்போட்டு அதில் உட்கார்ந்துகொள்வார். கையை நீட்டுவார். கை எங்கே களைப்பில்லாமல் நிற்கிறதோ அங்கே அடுப்பின் வாய். மூன்று குமிழ்களின் உயரத்தைச் சோற்றுப் பானையை வைத்து வைத்துப் பார்த்து முடிவு செய்வார். பக்கத்தில் ஒரு கொடியடுப்பு, முதல் அடுப்பின் தீ அதற்குள்ளும் போகும்படி ஒரு வழி. குழம்பு அங்கே சுண்டிக்கொண்டிருக்கும். நிழலில் நாலைந்து நாள் காயும். வெடிப்பு விட்டால் ஈரக்கையால் தடவுவார். ஒரு நோட்டிலும் எழுதாத அளவு அது, ஆனால் அந்த வீட்டில் அம்மாவைத் தவிர வேறு யாருக்கும் அது சரியாகப் பொருந்தாது. சித்தி வந்து சமைத்தால் "உன் அடுப்பு எனக்கு ஒத்துவரல அக்கா" என்பார். எதிர்வீட்டு அடுப்பு எதிர்வீட்டு அம்மாவின் உடம்புக்கு.

புகையை நான் மறந்துவிடவில்லை. அம்மாவின் கண்கள் நாற்பது வயதிலேயே எப்போதும் சிவந்திருந்தன. மழைக்காலத்தில் ஈர விறகோடு அவர் இருமிய இருமல் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. கேஸ் வந்தது நல்லது. நூறு தடவை நல்லது. நின்று சமைப்பதும் பலருக்கு முட்டிவலியிலிருந்து விடுதலைதான். நான் வருந்துவது வேறொன்றுக்கு. அடுப்பு மாறியபோது அளவெடுக்கும் உரிமையும் கைமாறிவிட்டது. முன்பு சமைக்கிறவளே அளந்தாள், அவளே செய்தாள். இன்று பணம் அனுப்புகிறவர் படம் அனுப்புகிறார், நான் செய்கிறேன். அவளிடம் கதவுக்கு என்ன நிறம் என்று மட்டும் கேட்கிறோம், அதையும் சில வீடுகளில் கேட்பதில்லை.

இதை எனக்கு உறைக்கும்படி சொன்னவர் பாகூர் பக்கத்து அம்மா ஒருவர். 2021இல் அவர் வீட்டில் ஒரு சமையலறை பொருத்தினேன். பணம் குறைவு என்றார்கள். பார்ட்டிக்கிள் போர்டில் செய்தால் அடங்கும் என்று நானே சொன்னேன். மரத்தூளையும், சில கம்பெனிகளில் கரும்புச் சக்கையையும், பசையோடு சேர்த்து அழுத்திய பலகை அது. மேலே ஒட்டியிருக்கும் தாள் தேக்குபோலவே இருக்கும். காய்ந்த இடத்தில் பத்து வருடம் உழைக்கும். தண்ணீர் ஓரத்தில் நுழைந்துவிட்டால் உப்பிப்போகும், பிறகு பழைய அளவுக்குத் திரும்பவே திரும்பாது. அது எனக்குத் தெரியும். பாகூர் தென்பெண்ணையாற்றுக்குப் பக்கத்து பூமி என்பதும் தெரியும்.

2024 நவம்பர் 30ஆம் தேதி இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது. ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை. வில்லியனூர் பக்கம் சங்கராபரணி பெருகியது. அடுத்த இரண்டு நாளில் சாத்தனூர் அணையிலிருந்து திறந்துவிட்ட தண்ணீர் தென்பெண்ணை வழியாக வந்து பாகூர் கொம்யூன் கிராமங்களுக்குள் புகுந்தது. தண்ணீர் வடிந்த பிறகு நான் அந்த வீட்டுக்குப் போனேன். முழங்கால் அளவு நின்ற தண்ணீரின் கோடு சுவரில் இருந்தது. கோட்டுக்குக் கீழே இருந்த பெட்டிகள் எல்லாம் ஊறிய ரொட்டிபோல வாய் பிளந்து கிடந்தன. கதவைத் தொட்டேன். கீலின் திருகாணிகள் கையோடு வந்துவிட்டன. அந்த அம்மா என்னைத் திட்டவில்லை. தண்ணீரைத் துடைப்பத்தால் தள்ளிக்கொண்டே சொன்னார்.

"மண்ணடுப்பா இருந்தா இதுவும்தான் கரைஞ்சிருக்கும் தம்பி. ஆனா தண்ணி வடிஞ்ச மறுநா நானே குழைச்சிப் போட்டுக்குவன். இத யாரு வந்து போடுவா, எப்ப போடுவா?"

அந்த வேலைக்குக் கூலி வாங்காமல் கீழ்ப்பகுதியைக் கடப்பாக் கல்லில் மாற்றிக் கொடுத்தேன். அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. முதலிலேயே செய்திருக்க வேண்டியது. இன்று நம் பக்கத்தில் வீடு கட்டுகிற யார் கேட்டாலும் நான் ஒன்றுதான் சொல்கிறேன். மேடையின் கால்களும் உள்தட்டும் கடப்பா, மேலே கிரானைட், கதவுகளுக்கு மட்டும் பிளைவுட். அந்தப் பிளைவுட்டிலும் ஐ.எஸ். 710 என்ற முத்திரையைப் பார்த்து வாங்க வேண்டும், 72 மணி நேரம் கொதிநீரில் போட்டாலும் பசை விடக் கூடாது என்ற சோதனை அதற்கு உண்டு. படத்தில் வருவதுபோல் அழகாக இருக்காது என்கிறார்கள். கதவைச் சாத்திவிட்டால் உள்ளே இருப்பது கல்லா பலகையா என்று யாருக்கும் தெரியாது. கரையானுக்கு மட்டும் தெரியும்.

மறுபடி மதகடிப்பட்டு. ஆயாவின் கேள்விக்குப் பிறகு அன்று மாலை நான் பலகையை அறுக்கவில்லை. வெளியே கிடந்த செங்கல்லை அடுக்கி மேலே ஒரு பிளைவுட் துண்டைப் போட்டேன். "ஆயா, இதுல ஒரு வெங்காயம் நறுக்குங்க" என்றேன். முதலில் சிரித்தார். பிறகு கத்தியை எடுத்துவந்து நறுக்கினார். ஒரு செங்கல்லை உருவினேன். மறுபடி நறுக்கச் சொன்னேன். சப்பாத்தி மாவைப் பிசையச் சொன்னேன். பிசையும்போது இடுப்பிலிருந்து வலு இறங்க வேண்டும், அதற்கு மேடை கொஞ்சம் தாழ்வாக வேண்டும். மூன்றாவது தடவை அவரே நிறுத்தினார். முழங்கையை மடக்கி, மறுகையின் நாலு விரலை அதற்குக் கீழே ஒட்டிவைத்துக் காட்டினார்.

"நாலு வெரக்கட கீழ இருந்தா போதும். அதுக்கு மேல வேணாம், கீழயும் வேணாம்."

டேப் பிடித்தேன். 31½ அங்குலம்.

புதுச்சேரியில் இப்படிச் செய்துபார்த்த முதல் ஆள் நானில்லை. அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டா விடுதியை 1930களின் பிற்பாதியில் கட்டியபோது, அன்டோனின் ரேமண்ட் வரைந்த திட்டத்தை இங்கே தங்கி நிறைவேற்றியவர்களில் ஒருவர் ஜார்ஜ் நகாஷிமா. ஜப்பானியப் பெற்றோருக்கு அமெரிக்காவில் பிறந்தவர். பிற்காலத்தில் மரத்தை அதன் இயல்போடு விட்டுச் செய்த மேசைகளுக்காக உலகமறிந்த தச்சர். அவர் இங்கே வந்து முதலில் செய்த வேலை, கட்டடத்தின் மாதிரி ஒன்றை முழு அளவிலேயே கட்டிப் பார்த்தது. வரைபடம் நடைமுறைக்குச் சரிவருமா என்று பார்க்க அது உதவியது. கோல்கொண்டாவின் பெரிய சன்னல்களில் கண்ணாடி கிடையாது. கையால் திருப்பும் பட்டைகள், காற்று வருகிற பக்கம் பார்த்துத் திறந்துகொள்ளலாம்.  என்னுடைய நாலு செங்கல்லை அந்த மாதிரிக் கட்டடத்தோடு ஒப்பிடும் துணிச்சல் எனக்கு இல்லை. ஆனால் முழு அளவில் நிறுத்திப் பார்த்தால்தான் தெரியும் என்ற படிப்பினை ஒன்றே.

நறுக்குமிடம் தெரிந்துவிட்டது. அடுப்பு இருக்குமிடம் அதே உயரத்தில் இருந்தால் சரிவராது. கேஸ் அடுப்பு ஒரு நாலு அங்குலம், அதன்மேல் சோற்றுப் பாத்திரம் எட்டு அங்குலம். பாத்திரத்தின் விளிம்பு ஆயாவின் மார்பு உயரத்துக்கு வந்துவிடும், ஆவி முகத்தில் அடிக்கும், கொதிக்கிற பானையை வடிக்கத் தூக்குவது ஆபத்து. அடுப்பு இருக்கும் மூன்றடி நீளத்தை மட்டும் 27 அங்குலத்துக்குத் தாழ்த்தினேன். முக்காலி போட்டு உட்கார்ந்தும் கிளறலாம். தொட்டிக்கு நேர்மாறான கணக்கு. அங்கே கை வேலை செய்வது விளிம்பில் இல்லை, எட்டு அங்குலம் கீழே, அடித்தளத்தில். ஆகவே விளிம்பு 34. ஒரே மேடையில் மூன்று உயரம். வரைபடத்தில் நேர்கோடாக இருந்தது படிக்கட்டுபோல ஆயிற்று. மகனுக்குப் படம் அனுப்பினேன். சிங்கப்பூரிலிருந்து உடனே அழைத்தார்.

"அண்ணே, இது ஏதோ தப்பா இருக்கே. லைன் உடைஞ்சிருக்கு."

"ஆமாம்ப்பா. உங்க அம்மா நின்னு பாத்துச் சொன்ன அளவு."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அவங்ககிட்ட போனக் குடுங்க" என்றார். அவர்கள் என்ன பேசிக்கொண்டார்கள் என்று எனக்குத் தெரியாது. ஆயா போனைத் திருப்பிக் கொடுக்கும்போது சொன்னது, தோட்டத்துக் கதவுக்குப் பக்கத்தில் வரவேண்டிய உயர அலமாரி வேண்டாம், அந்த இடம் தரையாகவே இருக்கட்டும் என்பதுதான். அங்கேதான் அவருடைய அரிவாள்மனையும் ஆட்டுக்கல்லும். கீரை ஆய்வதும் மீன் அரிவதும் உட்கார்ந்துதான். தோட்டத்துக் காற்றும் அங்கேதான் வரும்.

பொருத்துகிற வேலையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எந்த வீட்டுச் சுவரும் நேராக இருப்பதில்லை. மூலைமட்டத்தை மூலையில் வைத்தால் தொண்ணூறு பாகை நிற்காது. பூச்சு ஓரிடத்தில் அரை அங்குலம், ஓரிடத்தில் ஒன்று. ரசமட்டத்தின் குமிழி நடுவில் நிற்க ஒருபக்கம் கால் அங்குலம் தூக்க வேண்டும். கம்பெனிப் பெட்டிகள் நேரானவை, வீடு நேரானதில்லை. இடைவெளியைச் சிலிகான் பசையால் அடைத்துவிட்டுப் போய்விடலாம், பலர் போய்விடுகிறார்கள். என் மாமா கற்றுக்கொடுத்தது வேறு. பலகையைச் சுவரோடு சாத்தி, கவராயத்தின் ஒரு காலைச் சுவரிலும் மறுகாலைப் பலகையிலும் வைத்து மேலிருந்து கீழே இழுக்க வேண்டும். சுவரின் மேடுபள்ளம் அப்படியே பலகையில் கோடாக விழும். அந்தக் கோட்டில் அறுத்து இழைத்தால் பலகை சுவரைக் கட்டிக்கொள்ளும், நடுவில் ஒரு தாள் நுழையாது. மதகடிப்பட்டிலேயே குண்டாங்குழி மகாதேவர் கோயில் இருக்கிறது, முதலாம் ராஜராஜன் காலத்துக் கற்றளி, இன்று தொல்லியல் துறையின் பாதுகாப்பில். வேலை முடிந்த மாலைகளில் அங்கே போய் உட்காருவேன். ஒரு கல் அடுத்த கல்லோடு சேரும் இடத்தை விரலால் தடவிப் பார்ப்பேன். சுண்ணாம்பு கிடையாது. பக்கத்துக் கல் எப்படி இருக்கிறதோ அதற்கேற்ப இந்தக் கல்லைச் செதுக்கியவர்கள். ஆயிரம் வருடம் ஆகியும் நகம் நுழையவில்லை.

சுவருக்கு இவ்வளவு மரியாதை செய்யத் தெரிந்த நாங்கள் ஆளுக்கு ஏன் செய்யவில்லை என்பதுதான் என்னை வருத்துகிறது.

ஒரு சிக்கல் பாக்கி இருக்கிறது. அதை மறைத்துவிட்டு இதை முடிக்கக் கூடாது. மருமகள் ஐந்தடி நாலு அங்குலம். வருடத்துக்கு ஒருமுறை மூன்று வாரம் வருவார். ஆயாவுக்குப் பிறகு அந்த வீடு அவருடையது, அந்தச் சமையலறைக்குப் பணம் கொடுத்ததும் அவர்கள்தான். 27 அங்குல அடுப்புமேடையில் அவருக்கு இடுப்பு வலிக்கும். ஆயாவின் உடம்புக்குச் செய்ததை இன்னொரு பெண்ணின் உடம்பின்மேல் சுமத்துவது நியாயமா? மண் அடுப்பாக இருந்தால் உடைத்துப் புதிதாகப் போட்டுக்கொள்வார். கல்லை அப்படி முடியாது. நான் யோசித்துச் செய்தது அரைகுறையான வழி. தொட்டிப் பக்கமும் நறுக்குமிடமும் கடப்பா. அடுப்புப் பகுதியை மட்டும் தனிப் பெட்டியாக, ஸ்டீல் சட்டத்தில், திருகி உயர்த்தும் கால்களில் நிறுத்தினேன். அதிகமாகப் போனால் ஆறு அங்குலம் ஏறும். மேலே உள்ள கிரானைட் துண்டு தனி. ஒரு ஆள் ஸ்பேனரோடு அரைநாள் வேலை செய்தால் போதும். இணைப்பில் ஒரு கோடு தெரிகிறது. அதில் மாவு சேரும், துடைக்க வேண்டும். இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. தெரிந்த தச்சர்கள் யாரேனும் இதைப் படித்தால் எனக்குச் சொல்ல வேண்டும்.

தொட்டிக்கு அடியில் உள்ள கதவின் உள்பக்கத்தில் பென்சிலால் மூன்று எண்களை எழுதிவிட்டு வந்தேன். 31½, 27, 34. அடுத்து வருகிற தச்சனுக்காக.

வீடு கட்டிக்கொண்டிருப்பவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் இருக்கிறது. அளவெடுக்க ஆள் வருகிற அன்று, அந்த வீட்டில் தினமும் சமைப்பவர் அம்மாவோ, மனைவியோ, மகனோ, சமையலுக்கு வருகிற அக்காவோ, அவர் வீட்டில் இருக்கட்டும். வெறுங்காலில் சுவரோரம் நிற்கச் சொல்லுங்கள். முழங்கையை மடக்கச் சொல்லுங்கள். தரையிலிருந்து அதுவரை டேப்பைப் பிடித்து, நாலு விரற்கடை கழித்து, வந்தவர் நோட்டின் முதல் வரியில் அந்த எண்ணை எழுதச் சொல்லுங்கள். சுவரை அதற்குப் பிறகு அளக்கலாம்.